பேனா வைத்துக்கொள்ளாத தேவானை

இரண்டு விரல் மடங்கிவிட்டது. பாண்டி பஜார் நடைபாதையில், ஜூஸ் கடைக்குப் பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தேவானை இடது கை விரல்களை மடக்கிக்கொண்டிருக்கிறார். கடை முன்னால் நிற்கும் பெண்ணுக்கு வயது பதினெட்டு, பெயர் ஜெயபாரதி. அவள் கடைக்காரரிடம் கேட்கவேண்டியது இவ்வளவுதான்: ஒரு சாத்துக்குடி ஜூஸ், சர்க்கரை பாதி, ஐஸ் வேண்டாம், டம்ளரை இன்னொரு முறை கழுவித் தரவேண்டும். மாலை ஆறரை மணி. கடையில் கூட்டம் முட்டுகிறது. "அண்ணா, சாரி, ஐஸ் வேணாம்" என்கிறாள் ஜெயபாரதி. மூன்றாவது விரல் மடங்குகிறது.

மூன்று சாரி ஆகிவிட்டால் ஆட்டம் அவுட். மறுபடி முதலிலிருந்து கேட்கவேண்டும். ஐஸ் மிதக்கும் ஜூஸோடு திரும்பி வந்த பெண்ணைத் தேவானை மேலும் கீழும் பார்த்தார். "சாரி இன்னாத்துக்கு? அவரு கால மிதிச்சிட்டியா?" இல்லை என்று தலையாட்டினாள். "அப்பறம் இன்னா? துட்டு குடுக்குற, ஜூஸ் கேக்குற. போ."

நான்காவது முறைதான் விரல் மடங்காமல் ஜூஸ் வந்தது. தோற்றுப்போன மூன்று டம்ளரையும் நானும் தேவானையும் பங்குபோட்டுக் குடித்தோம். எனக்கு அன்று ராத்திரி தொண்டை கட்டிக்கொண்டது தனிக் கதை.

இந்தக் கூத்து எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஜெயபாரதிக்குப் பாடம் தெரியும். சொல்லச் சொன்னால் கடகடவென்று சொல்வாள். எழுதச் சொன்னால்தான் வண்டி நின்றுவிடும். கற்றல் குறைபாடு என்று அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. பள்ளிக்கூடம் முடியும்வரை கவலையில்லை. டீச்சர்கள் பார்த்துக்கொண்டார்கள், கூடுதல் நேரம் தானாக வந்தது, அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லூரியில் எதுவும் தானாக வராது. தனக்கு என்ன வேண்டும் என்று மாணவரே போய்க் கேட்கவேண்டும். அங்கேதான் பிள்ளைகள் விழுகிறார்கள். பன்னிரண்டு வருடம் சாரி சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் ஓர் அதிகாரியின் மேசைக்கு எதிரே நின்று "எனக்கு இது வேண்டும்" என்று எப்படிச் சொல்வார்கள்? அதனால் ஜூஸ் கடையில் ஆரம்பிக்கிறார் தேவானை. அடுத்த பாடம் செருப்புக் கடை. அதற்கடுத்து வங்கி. கடைசியில் கல்லூரி.

தேவானைக்கு நாற்பத்துநான்கு வயது. பட்டினப்பாக்கத்துக்காரர். அம்மா கடற்கரை ரோட்டோரம் மீன் விற்றவர். மகளைச் சாந்தோமில் படிக்கவைத்துப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கவைத்தார். பட்டத்தை வைத்துக்கொண்டு தேவானை செய்த வேலை விசித்திரமானது. பதினாறு வருடம் மற்றவர்களுக்காகப் பரீட்சை எழுதினார். திருட்டுத்தனமாக அல்ல, முறைப்படி அனுமதியோடுதான். பார்வையில்லாத பிள்ளைகள், கை ஓடாத பிள்ளைகள், எழுத்து பிடிபடாத பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்க்ரைப் வேலை. "என்னுத உட்டுட்டு எழுபத்தோரு தபா பிளஸ் டூ எழுதிக்கீறேன்" என்பார். "ரெண்டு ஃபெயிலு. அது நான் இல்ல, அவுங்க சொன்னது."

அந்த இரண்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறையும். எதிரில் இருக்கும் பிள்ளை தப்பான பதிலைச் சொல்கிறது. சரியான பதில் இவருக்கு மனப்பாடம். ஆனாலும் தப்பைத்தான் எழுதவேண்டும். புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. அப்படிப் பதினாறு வருடம் வாயைக் கட்டிய மனுஷி, வெளியே வந்தால் சேர்த்துவைத்துப் பேசுகிறார். மீன் கடையில் வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு, விலை ஏறினால் தேவை குறையும் என்று பொருளாதாரப் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார். கடைக்காரி அவருடைய சொந்தச் சித்திதான். "இந்தப் பாட்டு பாடாம காசக் குடு" என்பாள் அவள்.

இப்போது அவருக்கு இடம், மயிலாப்பூர் லஸ்ஸில் பொன்ராஜ் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையின் மாடி. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். கத்தைத் தாள்களோடு அந்தக் கடைக்கு வாரம் நான்கு முறை போகிறவன். ஒற்றுப்பிழையைப் பார்த்தால் பல்லைக் கடிக்கிற ஜாதி. மாடிப்படியில் ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து, டியூஷன் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். அங்கே பாடமே நடப்பதில்லை. கால அட்டவணையை வண்ண வண்ணமாகப் பிரிப்பது, புத்தகத்தைப் போனை விட்டு வாசிக்கச் செய்து காதில் கேட்பது, வகுப்பைப் பதிவுசெய்ய ஆசிரியரிடம் அனுமதி கேட்பது, கல்லூரி வாசலிலிருந்து பரீட்சை ஹால்வரை முன்கூட்டியே நடந்து பார்ப்பது. இவ்வளவுதான் அங்கே வேலை. மேசைமேல் ஸ்டேப்ளர் இருக்கும், பசை இருக்கும், வண்ண ஸ்டிக்கர் இருக்கும். பேனா மட்டும் இருக்காது. ஒரு நாள் கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன். கீழே பொன்ராஜிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். பையிலும் வைத்துக்கொள்வதில்லையாம். "இருந்தா கை அரிக்கும்" என்றார்.

காரணம் பிறகு தெரிந்தது. அதற்குப் பெயர் சாய்நாத். இந்த வேலையை ஆரம்பித்த புதிதில் அவரிடம் வந்த மயிலாப்பூர்ப் பையன். கணக்கில் சூரன், எழுத்தில் தடுமாற்றம். கல்லூரியில் அவனுக்குச் சலுகை கேட்கப் போன அன்று, அவன் அதிகாரியின் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் அம்மா தேவானையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் கேக்க மாட்டான், நீங்களே கேட்டுடுங்கோ. ஆத்துலயே அவன் வாயத் திறக்கறதில்ல." தேவானைக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனார், பேசினார், கடிதத்தையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கிடைத்தது. முதல் வருடம் பையன் எழுபது சதவீதம்.

இரண்டாம் வருடம் பழைய அதிகாரி மாறிப்போனார், பட்டியலில் சாய்நாத்தின் பெயர் விட்டுப்போனது. போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை. அவன் கேட்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. நேரம் போதாமல் நாலு பேப்பரில் ஃபெயிலாகி, படிப்பையே விட்டுவிட்டான். தேவானைக்குத் தெரியவந்தபோது ஆறு மாதம் ஆகியிருந்தது. "அவனுக்கு எல்லாம் வாங்கிக் குடுத்தேன், கேக்க மட்டும் கத்துக்குடுக்கல" என்றார் என்னிடம். "இப்பக்கூட மாட வீதில என்னப் பாத்தா எதிர்ப்பக்கம் போய்டுவான். நான் கூப்புடுறதில்ல."

அன்றிலிருந்து ஒரு விரதம். மாணவர் உள்ளே இருக்கும்போது தேவானை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டப் போகாமல் இருக்க அதுதான் வழி என்கிறார். எழுபத்தொரு பரீட்சை எழுதிய அந்தக் கையின் நடுவிரலில் கொட்டைப்பாக்கு அளவு காய்ப்பு இருக்கிறது.

ஜெயபாரதி விஷயத்தில் குழப்பம் செய்தவர் அவள் அப்பா. பாசத்தில் செய்த குழப்பம், அதனால்தான் அவிழ்க்க நாளாயிற்று. சிதம்பரநாதனுக்கு ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ரவிக்கைத் துணிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஊர்க்காரர்கள் தயவில் கடை போட்டு, ஊர்க்காரர்கள் தயவிலேயே எல்லாக் காரியத்தையும் முடித்துப் பழகியவர். மகளுக்கு அடையாறில் பி.காம். இடம் கிடைத்ததும், வியாபாரிகள் சங்கத்தில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்தார். அவர் கல்லூரி நிர்வாகத்தில் யாருக்கோ உறவு. "நம்ம பிள்ளைதானே, பாத்துக்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டார். சிதம்பரநாதன் நிம்மதியாகிவிட்டார். சான்றிதழ்க் கோப்பைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். யார் கண்ணிலும் படவேண்டாம் என்று அவர் நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை என்னிடமே சொன்னார்: "பேப்பர்ல ஏறிட்டுன்னா அழியாது பாத்துக்கிடுங்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் அதத்தான் பிடிச்சுக்கிடுவான்."

முதல் இன்டர்னல் பரீட்சை வந்தது. ஹாலில் இருந்த மேடத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மணி அடித்ததும் தாளை உருவிக்கொண்டு போனார்; அதுதான் அவர் வேலை. ஜெயபாரதி எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம். சங்கத்துக்காரருக்குப் போன் போட்டால், சொல்லியாயிற்றே என்றார். யாரிடம் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, இனிமேல் கல்லூரிக்குப் போகவில்லை, கடையில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் அரை மனதாகச் சரி என்றார். யாரோ சொல்லித் தேவானையிடம் வந்தபோது, செமஸ்டர் பரீட்சைக்குச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அது போனால் செமஸ்டரும் ஒன்றரைப் பக்கம்தான், படிப்பும் அத்தோடு சரி.

தேவானை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நைனா, நீ உன் பொண்ணுக்குத் தயவு வாங்கிக் குடுத்துக்கீற" என்றார் சிதம்பரநாதனிடம். "தயவு பண்றவன் ஊருக்குப் போய்ட்டா இன்னா பண்ணுவ? இது அவளுக்குச் சேரவேண்டியது. அவ போய்க் கேட்டு வாங்கிக்கினு வரட்டும்." வயதில் தன்னைவிடப் பத்து வருடம் மூத்த, நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதரை நைனா என்று கூப்பிடத் தேவானையால்தான் முடியும். அவரும் ஏனோ அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

அதுவரை நடந்த பயிற்சியில் பாதிக்கு நான் கூடப் போனேன். செருப்புக் கடையில் ஒன்பது ஜோடி எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் நன்றி சொல்லி வெளியே வரவேண்டும். ஜெயபாரதிக்கு அது இரண்டு சாரியில் முடிந்தது. வங்கியில் படிவத்தை நிரப்பித் தரும்படி அங்கிருப்பவரைக் கேட்கவேண்டும், ஒரு சாரி. செருப்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அப்பாவுக்கும் ஒரு பயிற்சி இருந்தது. கோப்பை அவர் தன் கடைப் பையில் போட்டு, பையின் காதைக் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் தேவானை அதை வெளியே எடுத்து மகள் கையில் கொடுப்பார். "இது இன்னா, திருட்டு நகையா?" என்பார். மறுநாள் அது மறுபடி பைக்குள்தான் வரும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அடையாறில் அந்தக் கல்லூரியின் தேர்வு அலுவலகத்துக்கு வெளியே மூன்று நாற்காலியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வலது கைமேல் தேவானை, மடியில் வெறும் பையோடு சிதம்பரநாதன், ஓரத்தில் நான். ஜெயபாரதி கோப்போடு உள்ளே போய்விட்டாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்த தேர்வு அதிகாரியின் பெயர் கருணாகரன். கெட்டவர் இல்லை, வேலைதான் தலைக்குமேல். மேசையில் ஹால் டிக்கெட் கட்டுகள் குவிந்திருந்தன.

முதல் வார்த்தையே "சாரி சார்" என்று கேட்டது. தேவானையின் இடது கையில் ஒரு விரல் மடங்கியது. ஆனால் அடுத்து வந்தது தடங்கல் இல்லாமல் வந்தது. தன் பெயர், வகுப்பு, தனக்கு இருப்பது என்ன, பள்ளியில் என்ன கொடுத்தார்கள், இங்கே என்ன வேண்டும். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர். கருணாகரன் சான்றிதழைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்பா வந்திருந்தால் வரச் சொல்லும்மா என்றார். சிதம்பரநாதன் எழுந்துவிட்டார்.

"அப்பா வெளிய இருக்காங்க சார்" என்றாள் ஜெயபாரதி. "பரீட்சை எழுதப் போறது நான். என்கிட்டயே சொல்லுங்க."

சிதம்பரநாதன் நின்றபடியே இருந்தார். உள்ளே போகவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சான்றிதழ் சரியாக இருக்கிறது, பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார் கருணாகரன். ஒரு விண்ணப்பக் கடிதம் மட்டும் வேண்டுமாம். இங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி, வெள்ளைத் தாளை மேசைமேல் நகர்த்தினார். நாங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த விண்ணப்பம் கோப்பிலேயே இருந்தது. ஆனால் அது முதல்வர் பெயருக்கு இருக்கிறது, தேர்வு அலுவலகத்துக்குத் தனியாக வேண்டும் என்றார். எல்லா இடத்துக்கும் ஒத்திகை பார்த்த தேவானை இந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தார்.

ஜெயபாரதி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதிய அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். கருணாகரனுக்கும் புரிந்திருக்கவேண்டும். நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, வெளியே இருக்கும் மேடம் வந்து எழுதிக் கொடுத்துவிடட்டும், ரெண்டு நிமிஷ வேலை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

சிதம்பரநாதன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தேவானையிடம் நீட்டினார். "எழுதிக் குடுத்துருங்கம்மா. கையெழுத்து மட்டும் அவ போடட்டும். நாளைக்குக் கடைசித் தேதி."

தேவானை பேனாவைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தப்பான பதிலை எழுதிய பதினாறு வருடத்திலும் இந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய் எழுதிவிடுங்களேன் என்று எனக்கே வாய்வரை வந்துவிட்டது. அவர் அசையவில்லை.

"சார்" என்றாள் ஜெயபாரதி உள்ளே. "நான் சொல்றேன். நீங்க எழுதுறீங்களா?"

"நானா?"

"எழுத ஒரு ஆள் வேணும்னு கேக்கத்தான் சார் இந்த லெட்டரே. மெதுவா சொல்றேன். தமிழ்ல சொல்லலாமா?"

பிறகு ஹால் டிக்கெட் கட்டுகளை ஒதுக்கும் சத்தமும், நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தமும் கேட்டன. "சொல்லும்மா" என்றார் கருணாகரன்.

"அனுப்புநர். சி. ஜெயபாரதி, பி.காம். முதலாம் ஆண்டு" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த வரியைச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் அவர் பின்தங்கிவிட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். பரவாயில்லை சார், நிதானமாக எழுதுங்கள் என்றாள்.

சிதம்பரநாதன் இன்னும் பேனாவை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். தேவானை தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவினார். விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. இரண்டு முறை உதறிவிட்டு, அந்தக் கையாலேயே பேனாவை வாங்கினார். மூடியைப் போட்டு இறுக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.